கலப்புத் தொட்டியில் பிளெக்கோ: வாங்க முன்னிருந்து வயிறு பார்ப்பது வரை

மீன் கடையில் 'டாங்க் கிளீனர்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பிளெக்கோவைத்தான். பாதிப் பிரச்சினை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கண்ணாடியில் பாசி பிடித்ததும் ஒன்றை வாங்கி விட்டுவிடுகிறார்கள். பாசியையும் மற்ற மீன்களின் ஊத்தையையும் தின்று அது வாழ்ந்துகொள்ளும் என்று நம்பி, அதற்கென்று எதுவும் போடுவதில்லை. சில கிழமைகளில் மீன் செத்துக் கிடக்கும். "நேற்றுவரை நல்லா ஒட்டிக்கொண்டுதானே நிண்டது அண்ணை" என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைப் பெடியன்கள் வந்து சொல்வார்கள். ஒட்டிக்கொண்டுதான் நின்றிருக்கும். அதன் வயிற்றை ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டு விஷயங்களைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுகிறேன். பிளெக்கோ மற்ற மீன்களின் எச்சத்தைத் தின்பதில்லை. பாசியைச் சுரண்டும், ஆனால் மூன்று அடித் தொட்டியில் இருக்கும் பாசி அதற்குச் சில நாள் சாப்பாடுதான். அதோடு மரக்கறி தின்னும் மீன் என்பதால் எச்சமும் நிறையப் போடும். பிளெக்கோ வந்தபிறகு தொட்டியில் ஊத்தை கூடும், குறையாது. மீனைப் பிடித்திருந்தால் வாங்குங்கள், துப்புரவுக்காக வாங்காதீர்கள்.

கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். முதல் நான்கும் கடைக்குப் போக முன்னர் முடிக்க வேண்டியவை. புதியவர்கள் பெரும்பாலும் ஐந்தாவதில் தொடங்கித்தான் சறுக்குகிறார்கள்.

1. எந்த பிளெக்கோ என்று முடிவெடுங்கள்

பிளெக்கோ என்பது ஒரே மீனின் பெயரல்ல. தென்னமெரிக்க ஆறுகளிலிருந்து வந்த, வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளிற்றுக் குடும்பம் ஒன்றின் பொதுப்பெயர். நம் கடைகளில் உங்கள் கைக்கு வரக்கூடியவை இரண்டு.

முதலாவது சாதாரண பிளெக்கோ. கடையில் விரல் நீளத்தில் இருக்கும். வளர்ந்தால் 30 முதல் 45 செ.மீ. வரை போகும், பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். இரண்டாவது பிரிஸில்நோஸ். 10 முதல் 13 செ.மீ. அளவில் நின்றுவிடும். வளர்ந்த ஆணின் மூக்கில் தாடி முளைத்ததுபோல் தசை முட்கள் இருக்கும். வீட்டுத் தொட்டிக்கு நான் சொல்வது பிரிஸில்நோஸ் மட்டும்தான்.

சிறிதாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம், ஏனென்றால் சின்ன பிரிஸில்நோஸுக்கு இன்னும் தாடி வந்திருக்காது. முதுகுச் செட்டையைப் பாருங்கள். முன்னால் ஒரு கட்டி முள், அதன் பின்னால் மெல்லிய கதிர்கள். பிரிஸில்நோஸுக்கு அந்தக் கதிர்கள் 7. சாதாரண பிளெக்கோவுக்குப் பெரும்பாலும் 10க்கு மேல், அதனால் அதன் செட்டை பாய்மரம்போல் அகலமாக விரியும். மீன் செட்டையை விரிக்கும்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துப் பெருப்பித்து எண்ணுங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. எண்ணிக்கையோடு தலையையும் பாருங்கள். பிரிஸில்நோஸின் தலை அகன்று தட்டையாக இருக்கும்.

"தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடம் போதாமலும் தண்ணீர் கெட்டும் வளர்ச்சி குன்றுவதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

2. தொட்டியின் அளவும் கூட இருக்கும் மீன்களும்

பிரிஸில்நோஸ் ஒன்றுக்கு 100 லீற்றர் வேண்டும். இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டி 110 லீற்றர் வரும், அது போதும். இரண்டடித் தொட்டி 56 லீற்றர்தான், அதில் வேண்டாம். சாதாரண பிளெக்கோவுக்கு வளர்ந்தபின் ஆறடி நீளம், இரண்டடி அகலத் தொட்டி, அதாவது 600 லீற்றருக்கு மேல். நம் விறாந்தைகளில் அதற்கு இடமிருப்பவர்கள் குறைவு.

உயரத்தைவிட அடிப்பரப்பு முக்கியம். பிளெக்கோ அடியில் வாழும் மீன், தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே தொட்டியில் இரண்டு ஆண் பிரிஸில்நோஸ் விட்டால் ஒரு குகைக்காக இரண்டும் மோதும். ஒன்று போதும்.

கப்பி, மொலி, பிளாட்டி ஆகியவை நல்ல கூட்டாளிகள். நம் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை அவற்றுக்கு ஒத்துப்போகும். கௌராமியும் சரி. கோல்ட்ஃபிஷ், ஏஞ்சல், டிஸ்கஸ் வேண்டாம். இவை பக்கவாட்டில் அகலமான, மெதுவாக அசையும் மீன்கள். பசித்த பிளெக்கோ இரவில் அவற்றின் உடம்பில் ஒட்டி மேலிருக்கும் வழுவழுப்பைச் சுரண்டும். காலையில் கோல்ட்ஃபிஷின் பக்கத்தில் செதில் போன வெள்ளைத் திட்டைக் கண்டு, நோய் என்று மருந்து ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோல்ட்ஃபிஷும் டாங்க் கிளீனரும் ஒரு சோடி என்று விற்கும் பழக்கம் எப்போது போகுமோ தெரியாது.

3. கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மீன் வளர்ப்பவருக்கு இதைவிட முக்கியமான படி இல்லை.

குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். ஆகவே நம் தண்ணீர் கடினமானது, பீஎச் (அமில, கார அளவு) 7.5க்கு மேல் நிற்பதும் சாதாரணம். தொட்டியில் பிறந்து வளர்ந்த பிரிஸில்நோஸ் இதற்குப் பழகிவிடும். பயப்பட வேண்டியது மீனின் கழிவிலிருந்தும் மிச்சச் சாப்பாட்டிலிருந்தும் வரும் அமோனியாவுக்கு. பீஎச் கூடக் கூட அமோனியாவின் நச்சுப் பங்கும் கூடுகிறது. 28 பாகை செல்சியஸில் பீஎச் 7 இலிருந்து 8க்குப் போனால் அந்தப் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். மென்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு அமோனியா நம் தொட்டியில் கொன்றுவிடும்.

அதனால்தான் புதுத் தொட்டியில் முதல் மீனாக பிளெக்கோ வேண்டாம் என்கிறேன். பில்ரரில் அமோனியாவை உண்ணும் பக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். இரண்டு மூன்று கப்பிகளோடு தொடங்குங்கள், சாப்பாட்டைக் கொஞ்சமாகப் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய பில்ரர் பஞ்சை யாராவது தந்தால் காலம் சுருங்கும். அமோனியாவும், பக்டீரியா அதை மாற்றும்போது இடையில் வரும் நச்சான நைத்திரைற்றும் (nitrite) சோதனையில் சுழியம் காட்டிய பிறகு பிளெக்கோவை யோசியுங்கள்.

அடுத்தது, நைத்திரைற்று கடைசியில் மாறிச் சேரும் நைத்திரேற்று (nitrate). குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டக் காணிகள் நெருங்கிய வலிகாமப் பக்கத்தில் இந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட உரம் கீழே இறங்கிய விளைவு. இதில் ஒரு பொறி இருக்கிறது. "நைத்திரேற்றுக் கூடினால் தண்ணீரை மாற்று" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். மாற்றும் தண்ணீரிலேயே 60 இருந்தால் எவ்வளவு மாற்றினாலும் 60க்குக் கீழே போகாது. ஆகவே தொட்டியைச் சோதிக்க முன் கிணற்றைச் சோதியுங்கள். சோதனைத் தாள் ஒன்றைக் கிணற்று வாளியில் நனைத்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

கூடுதலாக இருந்தால் இரண்டு வழி. மாரி மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து, மூன்று பங்கு கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பங்கு மழைத் தண்ணீர் என்று கலக்கலாம். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். ஓட்டுக் கூரைத் தண்ணீர் சரி. தகரக் கூரைத் தண்ணீரில் நாகம் (துத்தநாகம்) கரைந்திருக்கலாம் என்பதால் நான் எடுப்பதில்லை. மற்றது மணி பிளான்ட். கொடியின் வேர் தொட்டிக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கும்படி விளிம்பில் செருகிவிடுங்கள். அது நைத்திரேற்றை உறிஞ்சிக் கொழுத்து வளரும்.

தீவுப் பக்கமோ கரையோரமோ இருப்பவர்கள் உவர்ப்பையும் பாருங்கள். வாயில் உப்புக் கரிக்கும் தண்ணீர் இந்த மீனுக்கு வேண்டாம். குழாய்த் தண்ணீர் வருபவர்களுக்கு வேறு வேலை. 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தபின் குழாய் இணைப்புகள் கூடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, குளோரின் நீக்கும் மருந்து விட்டுப் பாவியுங்கள், அல்லது எயார் பம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

4. மறைவிடம், மரம், மணல்

பிளெக்கோ இரவில் இயங்கும் மீன். பகலில் ஒளிந்திருக்க இடமில்லாவிட்டால் பில்ரருக்குப் பின்னால் செருகிக்கொண்டு நிற்கும், இரவிலும் வெளியே வந்து தின்னாது. ஆகவே முதலில் குகை, பிறகுதான் மீன்.

சின்ன மீனுக்குச் சிரட்டை போதும். தும்பையும் உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயையும் முழுக்கச் சுரண்டி, இரண்டு முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்க வைத்து, வாயை அரத்தால் அழுத்தமாக்கி, கவிழ்த்து வையுங்கள். தேங்காய் மிச்சமிருந்தால் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் கட்டும். பெரிய மீனுக்கு இரண்டங்குல எஸ்லோன் குழாய்த் துண்டு நல்லது. மீன் உள்ளே போய் உடம்பு இரண்டு பக்கமும் தொடும் அளவு இறுக்கம்தான் அதற்குப் பிடிக்கும்.

மரத்துண்டு ஒன்றும் வேண்டும். அதன்மேல் படரும் மெல்லிய படலத்தைச் சுரண்டித் தின்பது பிரிஸில்நோஸுக்கு நாள் முழுவதுக்குமான வேலை. நன்றாகக் காய்ந்த கொய்யாக் கிளை எனக்குப் பல ஆண்டுகளாகச் சரிவந்திருக்கிறது. பட்டையை உரித்து, கொதிக்க வைத்து, மூழ்கும்வரை வாளியில் ஊறப்போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் பழுதில்லை. வேம்பு வேண்டாம், அதன் கசப்பு பூச்சி கொல்லும் கசப்பு. பால் வடியும் மரமும் வேண்டாம். கண்டல் வேர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் கண்டல் பாதுகாக்கப்பட்ட மரம், அதில் கைவைக்காதீர்கள்.

மணலில் ஒரு எச்சரிக்கை. கடற்கரை மணலிலும் முருகைக் கல்லிலும் சிப்பித்தூள் இருக்கிறது. அது கரைந்து ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். முருகைக் கல்லின் கூர் இந்த மீனின் வயிற்றையும் உதட்டையும் கிழிக்கும். நமக்கு ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். ஆகவே கட்டட வேலைக்கு வன்னியிலிருந்து வரும் ஆற்று மணலில் ஒரு வாளி கேட்டு வாங்கி, தண்ணீர் தெளியும்வரை கழுவிப் பாவியுங்கள்.

5. கடையில் என்ன பார்க்க வேண்டும்

மீன் கண்ணாடியில் ஒட்டும்வரை காத்திருந்து வயிற்றைப் பாருங்கள். தட்டையாகவோ சற்று உருண்டோ இருந்தால் எடுக்கலாம். உள்ளே குழிந்திருந்தால் அது பல நாள் பட்டினி. கண்ணும் உள்ளே போயிருந்தால் எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் விட்டுவிடுங்கள், அந்த நிலையிலிருந்து மீள்வது அரிது.

செட்டைகள் கிழியாமல் இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி இருக்கக்கூடாது. விரலை அருகில் கொண்டுபோனால் விலகி ஓட வேண்டும். கடைக்காரரிடம் "இதுக்கு என்ன போடுறனீங்கள்?" என்று கேளுங்கள். ஒன்றும் போடுவதில்லை என்று பதில் வந்தால் வயிற்றை இன்னொரு தரம் பாருங்கள்.

6. வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவது

செட்டை முட்கள் பையைக் குத்திக் கிழிக்கும், இரட்டைப் பையில் போடச் சொல்லுங்கள். வலையால் பிடிக்க விடாதீர்கள். பயந்தால் இந்த மீன் முட்களை விரித்துப் பூட்டிக்கொள்ளும், வலையில் சிக்கினால் இழுக்க இழுக்க இறுகும். ஒரு முறை நான் கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் மீனை எடுத்தேன். அன்றிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாதான். டப்பாவைத் தண்ணீருக்குள் பிடித்து, மீனை அதற்குள் ஓட்டுவது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனைப் பிடுங்கி எடுப்பதும் வேண்டாம், வாய் காயப்படும்.

பிரதான தொட்டியில் நேரே விடாமல் இரண்டு கிழமை தனியாக வையுங்கள். 40 லீற்றர் பிளாஸ்டிக் பேசின், பழகிய பஞ்சு பில்ரர், ஒரு குழாய்த் துண்டு, இவ்வளவும் போதும். நோய் இருந்தால் வெளியே வந்துவிடும் என்பது ஒரு காரணம். பட்டினி கிடந்து வந்த மீன் போட்டியில்லாமல் தின்னப் பழகும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பையைக் கால் மணித்தியாலம் மிதக்க விட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அரைக் குவளை தண்ணீர் சேர்த்து, முக்கால் மணித்தியாலம் கழித்து மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீரை வெளியே ஊற்றுங்கள். அன்றைக்கு விளக்கு வேண்டாம்.

7. சாப்பாடு

எப்போது போடுவது என்பதிலிருந்து தொடங்குவோம். இரவு விளக்கை அணைத்து அரை மணித்தியாலம் கழித்து, குகை வாசலில் போடுங்கள். பகலில் போட்டால் மொலியும் கௌராமியும் முடித்துவிடும், நீங்கள் பிளெக்கோ தின்றது என்று நினைத்துக்கொள்வீர்கள். விளக்கை அணைக்க முன் மற்ற மீன்களுக்குத் தொட்டியின் மறுமுனையில் கொஞ்சம் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டால் இன்னும் நல்லது.

அடிப்படைச் சாப்பாடு அடியில் மூழ்கும் அல்கீ வேபர், அதாவது பாசி வில்லை. பொதியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெயரில் பாசி இருந்தாலும் முதலில் எழுதியிருப்பது மீன் தூளும் கோதுமை மாவும் என்றால் வேறு பொதி பாருங்கள், ஸ்பைருலினா என்ற பாசி முன்வரிசையில் இருக்க வேண்டும். குட்டி பிரிஸில்நோஸுக்கு இரவில் அரை வில்லை, வளர்ந்ததற்கு ஒன்று. காலையில் மிச்சம் கிடந்தால் அளவைக் குறையுங்கள்.

கிழமையில் மூன்று நாலு இரவு மரக்கறி. கெக்கரிக்காயைப் பச்சையாகவே போடலாம். அரை அங்குலத் தடிப்பில் ஒரு வட்டம் வெட்டி எவசில்வர் முள்ளுக்கரண்டியில் குத்தி மூழ்க விடுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். ஆனால் கெக்கரிக்காய் பெரும்பாலும் தண்ணீர்தான், அதை மட்டும் நம்பினால் மீன் மெலியும். சத்துக்குப் பூசணிக்காய், போஞ்சி, வற்றாளங்கிழங்கு, பீர்க்கங்காய் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பூசணியையும் போஞ்சியையும் மூன்று நாலு நிமிடம், கிழங்கை விரலால் அமுக்கினால் இளகும்வரை, பசளி இலையை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுங்கள். அவித்தால் மூழ்கும், சுரண்டவும் இலகுவாகும். உப்புப் போடாத தண்ணீர் என்பதை வீட்டில் சொல்லிவையுங்கள். எங்கள் குசினியில் ஒருமுறை சொல்லாமல் விட்டு, மஞ்சளும் உப்பும் போட்ட பூசணிதான் கிடைத்தது.

சந்தை மரக்கறியில் மருந்து அடித்திருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோலைச் சீவுங்கள், ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், அரை மணித்தியாலம் ஊறப்போடுங்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு பூச்சிமருந்து தொட்டிக்குள் இறாலையும் மீனையும் கொல்லும். முற்றத்தில் ஒரு கெக்கரிக் கொடி இருந்தால் இந்தக் கவலையில்லை.

பத்து நாளுக்கு ஒரு முறை இறைச்சிச் சத்து. கோது நீக்கிய பச்சை இறால், குண்டூசித் தலை அளவாக நறுக்கிய இரண்டு மூன்று துண்டுகள். பிரிஸில்நோஸின் குடல் நீளமானது, தாவர உணவுக்கானது. இறாலும் மீன் தூளும் கூடினால் வயிறு ஊதிக் கிடக்கும். சாதாரண பிளெக்கோவுக்கு இதைக் கொஞ்சம் கூட்டலாம். கருவாடு வேண்டாம், உப்பு. பாண், சோறு, பிஸ்கட்டும் வேண்டாம். நல்லூர்த் தேருக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் என் தொட்டிக்குள் பாதி மாரி பிஸ்கட் பொதியைக் கரைத்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். விருந்தாளி வரும் நாட்களில் தொட்டி மூடியைக் கட்டிவையுங்கள்.

நேரமுள்ளவர்கள் கட்டிச் சாப்பாடு செய்து வைக்கலாம். அவித்த பூசணி 100 கிராம், அவித்த போஞ்சி 50 கிராம், பச்சை இறால் 20 கிராம், இவற்றை மசித்துக்கொள்ளுங்கள். 200 மில்லிலீற்றர் தண்ணீரில் 5 கிராம் அகர் அகர் கரைத்துக் கொதிக்க வைத்து, சற்று ஆறியதும் மசியலோடு கலந்து ஐஸ் தட்டில் ஊற்றுங்கள். குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஒரு மாதம் வைக்கலாம். ஒரு இரவுக்கு ஒரு கட்டியில் கால்பங்கு. தண்ணீரில் உடனே கரையாமல் நிற்பதால் மெதுவாகச் சுரண்டும் மீனுக்கு இது வேபரைவிடப் பொருந்தும்.

கடைசியாக, போட்டதை எடுப்பது. மரக்கறியை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள், 12 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். 30 பாகைத் தண்ணீரில் பூசணி கரைந்து நாறும் வேகம் நீங்கள் நினைப்பதைவிடக் கூட. வெள்ளிக்கிழமை பூசணியைப் போட்டுவிட்டு கலியாண வீட்டுக்குப் போய் ஞாயிறு திரும்பியபோது என் தொட்டித் தண்ணீர் பால்போல் இருந்தது. வெளியூர் போவதென்றால் ஒன்றும் போடாமல் போங்கள். நன்றாகத் தின்ற மீன் மூன்று நாள் தாங்கும்.

8. கிழமைக்கு ஒரு முறை வயிறு பாருங்கள்

இதற்கு இரவில் கைத்தொலைபேசி வெளிச்சம் போதும். மீன் முன் கண்ணாடியில் ஒட்டும் நேரத்தில் கீழ்ப்பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். நான்கு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மெலிகிறதா என்று கண்ணுக்குத் தெரியும், நினைவை நம்பினால் தெரியாது.

குழிகிறது என்றால் மருந்து தேட முன் சாப்பாடு அதற்குப் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை காரணம் அதுதான். எச்சம் நீளமாகப் பச்சையாகவோ மரநிறமாகவோ தொங்கினால் சாதாரணம். வெள்ளையாக நூல்போல் வந்து, தின்றும் மெலிந்தால் குடற்புழுவாக இருக்கலாம், தனிப் பேசினுக்கு மாற்றுங்கள். வயிறு பந்துபோல் ஊதி மீன் சோர்ந்தால் சாப்பாட்டை மூன்று நாள் நிறுத்துங்கள்.

9. தண்ணீர் மாற்றுவது

கிழமைக்கு 25 முதல் 30 வீதம். அடி மணலில் கிடக்கும் எச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். பில்ரர் பஞ்சை எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் கழுவினால் பக்டீரியா போய்விடும்.

நம் வீடுகளில் நடக்கும் பிழை வேறொன்று. மத்தியானம் கூரைத் தண்ணித் தாங்கியிலிருந்து நேரே பிடித்து ஊற்றுவது. சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் கை சுடும். காலையில் மாற்றுங்கள். கிணற்றிலிருந்து உடனே அள்ளிய தண்ணீரிலும் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம், ஒரு இரவு எயார் கல் போட்டு வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

10. வெயிலும் மின்வெட்டும்

பிரிஸில்நோஸுக்கு 23 முதல் 27 பாகை உகந்தது. சித்திரை, வைகாசியில் நம் தொட்டிகள் 30ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும், ஆகவே அந்த மாதங்களில் எயார் பம்பை இரவும் பகலும் ஓட விடுங்கள். மூடியைத் திறந்து வலை போட்டு, மேலே ஒரு சின்ன விசிறி வைத்தால் இரண்டு பாகையாவது இறங்கும். மீன் எப்போதாவது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று விழுங்கினால் பயப்பட வேண்டாம், இவற்றால் வயிற்று வழியாகவும் காற்றை எடுக்க முடியும். நிமிடத்துக்கு ஒரு தரம் பாய்ந்தால் தண்ணீரில் காற்றில்லை என்று அர்த்தம்.

2022 இல் ஒரு நாளில் பல மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில் பற்றரியில் ஓடும் எயார் பம்ப் வைத்திருந்தவர்களின் தொட்டிகள்தான் தப்பின. ஒன்று வாங்கி அலுமாரியில் வையுங்கள். கரண்ட் இல்லாத நேரம் சாப்பாடு போடாதீர்கள். மூடிய கனிஸ்ரர் பில்ரர் பல மணித்தியாலம் நின்றிருந்தால், உள்ளே நாறிய தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் மீண்டும் ஓட்டுங்கள்.

11. மருந்து போட முன்

வெள்ளைப் புள்ளி வந்தால் பலர் முதலில் செய்வது ஒரு பிடி ஆனையிறவு உப்பை அள்ளிப் போடுவது. கரையாத உப்புக்கல் அடியில் விழும், அடியில் கிடப்பது பிளெக்கோ, அதன் தோல் வெந்துபோகும். உப்புத்தான் வேண்டுமென்றால் வாளியில் முழுக்கக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பரப்பி ஊற்றுங்கள். செம்பு கலந்த மருந்து வேண்டாம். மலக்கைட் கிறீன் போன்றவற்றைப் பொதியில் சொன்னதில் பாதி அளவில் தொடங்குங்கள். இந்தக் குடும்பத்து மீன்கள் இரண்டையும் மற்றவைபோல் தாங்குவதில்லை.

மார்கழி, தையில் இரவு குளிர்ந்து பகலில் ஏறும்போதுதான் வெள்ளைப் புள்ளி அதிகம் வருகிறது. அந்த இரண்டு மாதத்துக்கும் ஒரு ஹீற்றர் போட்டு 26இல் நிறுத்தினால் பாதி மருந்து மிச்சம்.

12. வைத்திருக்க முடியாமல் போனால்

பிரிஸில்நோஸ் என்று நம்பி வாங்கியது ஓர் அடியைத் தாண்டும்போது இந்தக் கேள்வி வரும். ஆரியகுளத்திலோ கோயில் கேணியிலோ தோட்டத்துக் கிணற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். சாதாரண பிளெக்கோ இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்ட அந்நிய மீன். கரையில் வளை தோண்டி முட்டையிடும், உடம்பெல்லாம் எலும்புத் தகடும் முள்ளுமாக இருப்பதால் அதைப் பிடித்துத் தின்ன ஆளில்லை, வலைகளையும் கிழிக்கும்.

வாங்கிய கடையிலேயே திரும்ப எடுப்பார்களா என்று வாங்கும் நாளிலேயே கேட்டுவையுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரென்று அவர்களுக்குத்தான் தெரியும். கொண்டுபோகும்போது பை வேண்டாம். மூடியுள்ள வாளியில் பாதித் தண்ணீர், மூடியில் நாலு துளை, மேலே ஈரச் சாக்கு. முந்தின இரவு சாப்பாடு போடாதீர்கள், வழியில் வாளித் தண்ணீர் கெடாது.